ஒரு காப்பி நேரச் சத்தம்

இந்த ஊரில் காருக்குக் கரண்ட் கொடுத்துவிட்டுத்தான் படுக்கப் போகவேண்டும். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் நான் கதை விடுவதாக நினைக்கக்கூடும். கனடாவின் நடுவே சஸ்காச்சுவான் என்கிற தட்டை நிலத்தில் நாங்கள் வந்து சேர்ந்த சின்ன டவுனில், எல்லாக் காரின் முன்பக்கத்திலும் ஒரு ஒயர் தொங்கும். அதன் முனையில் நம் வீட்டு இஸ்திரிப்பெட்டிக்கு இருப்பதைப்போல ஒரு பிளக். ராத்திரி அதைச் சுவரில் சொருகிவிட்டால் ப்ளாக் ஹீட்டர் என்ற கருவி விடியும்வரை இன்ஜினை வெதுவெதுப்பாக வைத்திருக்கும். மறந்தால் ஆயில் வெல்லப்பாகு மாதிரி இறுகிவிடும், காலையில் வேலைக்கு நடந்துதான் போகவேண்டும். பனியில் நடக்கத் தெரிந்தவர்கள் நடக்கலாம். நான் இரண்டு முறை விழுந்து எழுந்தவன் என்பதால், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் என் மனைவி கேட்கிற கேள்வி, காருக்குச் சொருகியாச்சா என்பதுதான்.

என் மனைவி நர்ஸ். மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளை இந்த ஊர் கூப்பிட்டது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் வந்தேன். கொல்லிமலையிலும் மஸ்கட்டிலுமாகப் பதினான்கு வருஷம் ஸ்பேனர் பிடித்தவன் நான். இங்கே அதற்கு லைசென்ஸ் வேண்டும், பரீட்சை எழுதவேண்டும், அதற்கு இங்கிலீஷ் வேண்டும். ஆகவே அவள் வேலை செய்யும் அதே மருத்துவமனையில் படுக்கைவிரிப்பு துவைக்கிற இடத்தில் சேர்ந்துகொண்டேன். வெளியே என்ன வேலை என்று யாராவது கேட்டால், ஹாஸ்பிடலில் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

இரண்டாவது குளிர்காலத்தில் எங்கள் அடுக்குமாடியில் என் கார் நிற்கும் இடத்துப் பிளக் பாயிண்ட் செத்துப்போனது. சரிசெய்ய ஆள் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த வாரத்தில்தான் சத்தம் ஆரம்பித்தது. அதிகாலையில் முக்கி முனகிக் கிளம்பும் இன்ஜின், கிளம்பியதும் 'டிக் டிக் டிக்' என்று ஒரே சீராக அடித்துக்கொள்ளும். ஒரு காப்பி குடிக்கிற நேரம் இருக்கும். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி அடங்கிவிடும். மெக்கானிக் என்ற கொழுப்பு எனக்கு இன்னும் போகவில்லை. ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக்கொண்டு வந்த, கைப்பிடி உடைந்துபோன நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப்போய் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டேன். நம் ஊரில் எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். ஆனால் நம் ஊர் இரும்பு காதில் ஒட்டிக்கொள்ளாது. பிடுங்கி எடுத்தபோது கொஞ்சம் தோலும் சேர்ந்து வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் வீட்டு உடுப்போடு பால்கனிக்கு வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். காரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று இங்கிலீஷில் சொன்னேன். கார் என்ன சொல்கிறது என்று அவர் மிகவும் அன்பாகக் கேட்டார். பிறகு என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, உன் கணவருக்கு ஓய்வு தேவை என்று சொல்லியிருக்கிறார்.

வேறு வழியில்லாமல் டவுனின் மறுகோடியில் இருக்கும் ராய் என்கிற வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் பட்டறைக்குக் கால்மணி நேரம் ஓட்டவேண்டும். போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகிச் சமர்த்தாகிவிட்டது. ராய் பானெட்டைத் திறந்து, ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லி, குனிந்து, நிமிர்ந்து, தலையை ஆட்டினார். அந்நிய மனிதர் முன்னால் நாக்கை மடக்கி 'டிக் டிக்' என்று அடித்துக் காட்டினேன். எவ்வளவு நேரம் வருகிறது என்பதைச் சொல்லவேண்டுமே என்று, "ஒன் காபி. தென் நோ சவுண்ட்" என்றேன். அவர் சரி என்று உள்ளே போய் ஒரு பெரிய கோப்பையில் காப்பி ஊற்றிக்கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் கேட்டது அதுவல்ல, ஆனாலும் வாங்கிக்கொண்டேன். அந்தக் கசப்புக் காப்பியைக் குடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இதே மாதிரி ஒரு பட்டறையில், வாயால் சத்தம் போட்டுக் காட்டிக்கொண்டு ஒரு மனிதர் என் முன்னால் நின்றிருக்கிறார். நான் அவருக்குக் காப்பி கொடுக்கவில்லை.

தொண்ணூற்றெட்டில் நான் கொல்லிமலைச் செம்மேட்டில் ஒரு பட்டறையில் மெக்கானிக். சேந்தமங்கலத்துப் பாய் ஒருவர் நடத்திய தகரக் கொட்டகை அது. எனக்கு வீடு அடிவாரத்தில், காரவள்ளிக்குப் பக்கத்தில். காலையில் பஸ் ஏறி எழுபது வளைவையும் கடந்து பத்து மணிக்குச் செம்மேட்டில் இறங்குவேன். சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸில் கீழே இறங்கிவிடுவேன். எட்டு வருஷம் மலைமேல் வேலை பார்த்தும் ஒரு ராத்திரிகூட அங்கே தங்கியதில்லை. காரணத்தை இப்போது சொல்லத்தான் வேண்டும். நாங்கள் அடிவாரத்தில் சொந்தக் காடு கழனி உள்ளவர்கள். மலைக்காரர் கொடுக்கிற பலாப்பழம் வாங்குவோம், அன்னாசி வாங்குவோம், தேன் வாங்குவோம். அவர்கள் வீட்டில் கை நனைக்கமாட்டோம், படுக்கமாட்டோம். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தானாகவே வந்தது, நானும் ஏன் என்று கேட்கவில்லை.

வெள்ளையன் மலையில் திண்ணனூர் நாடு என்கிற பகுதியில் ஒரு சின்ன ஊர்க்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அன்று நான் அவரை வா, போ என்றுதான் பேசினேன். இப்போது எழுதும்போது மரியாதை போடுகிறேன், அது எனக்கு வருவதற்குக் கனடாவரை போகவேண்டியிருந்தது. அவரிடம் ஒரு பழைய டீசல் ஜீப் இருந்தது. அந்த ஊருக்கு அது ஒன்றுதான் வண்டி. சந்தைக்கு அன்னாசியும் மிளகும் அதில்தான் போகும், பிரசவ வலி எடுத்தவளும் அதில்தான் போவாள். ஒரு மார்கழியில் பட்டறைக்கு வந்து நின்று சொன்னார்.

"ஏனுங்க மேஸ்திரி, காலையில எடுக்கறப்ப டொக்கு டொக்குங்குதுங்க. ஒரு காப்பி குடிக்கிற நேரந்தானுங்க. அப்புறம் அடங்கிப் போயிருது."

வண்டியை முடுக்கிப் பார்த்தேன். ஊரிலிருந்து செம்மேட்டுக்கு ஒரு மணிநேரம் ஓட்டி வந்த இன்ஜின், ஒரு சத்தமும் இல்லை. இரண்டாம் முறை வந்தபோது சாயங்காலம்வரை நிறுத்திவைத்து மறுபடி கிளப்பிப் பார்த்தேன். வெயிலில் நின்ற வண்டி எப்படிச் சத்தம் போடும்? மலையில் விடிகாலை எப்படி இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது. பத்து மணிக்கு நான் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது பனியெல்லாம் கலைந்து வெளுத்திருக்கும். வெள்ளையன் ஜீப்பை ராத்திரி பட்டறையில் விட்டுப் போகவும் முடியாது, ஊரில் யாருக்காவது ஏதாவது என்றால் வண்டி வேண்டும். அவர் என்னை அழைத்தார்.

"ஒரு ராத்திரி எங்கூட்டுல தங்குங்க மேஸ்திரி. வெடியக்காலம் நீங்களே கேட்டுப் போடலாம்."

வேலை இருக்கிறது என்றேன். அடுத்த வாரம் என்றேன். பாய்கூட, ஒரு ராத்திரி தங்கிக் கேட்டுவிட்டு வாயேன் என்று சொன்னார். வியாபாரத்துக்காக மலைவீடுகளில் படுத்து எழுந்தவர் அவர். அவர் சொன்னதும் எனக்குக் கோபம்தான் வந்தது.

மூன்றாம் முறை வெள்ளையன் தன் மகள் பவளக்கொடியையும் கூட்டிக்கொண்டு வந்தார். பிளஸ் டூ படிக்கிற பெண், பள்ளிக்கூட யூனிஃபார்மில் இருந்தாள். அந்த ஊரில் பிளஸ் டூவரை வந்த முதல் பெண் அவள்தான். நர்ஸ் ஆகவேண்டும் என்பது அவள் ஆசை, அதைவிட அவள் அப்பாவுக்கு ஆசை. நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை என்னிடம் நீட்டினாள். கட்டம் போட்டு எழுதியிருந்தாள். என்றைக்கு, எத்தனை மணிக்கு வண்டி எடுத்தது, சத்தம் எத்தனை நிமிஷம், பனி இருந்ததா இல்லையா. இதெல்லாம் இருந்தது என்று பின்னால் பாய் எடுத்துப் படித்துச் சொல்லித்தான் தெரியும். அப்போது நான் கட்டத்தை மட்டும்தான் பார்த்தேன். பட்டறையில் ஐந்தாறு டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வேடிக்கை காட்டவேண்டும் போல இருந்தது.

"வெள்ளையா, வண்டியில ஒண்ணுமில்ல. உங்காதுலதான் ரிப்பேரு. மொதல்ல அதப் பாரு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளையனும் சிரித்தார், அதுதான் கொடுமை. சிரிப்பு அடங்குவதற்குள் நான் ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவினேன். துடைக்கத் துணி தேடினேன், கைக்கு எட்டவில்லை. கையில் அந்தத் தாள் இருந்தது. அதை மடித்துக் குச்சியைத் துடைத்து, கசக்கி, பழைய டயர்கள் கிடந்த மூலையில் போட்டுவிட்டேன். வேண்டுமென்று செய்தேனா, கைப்பழக்கத்தில் செய்தேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வேண்டுமென்றுதான் செய்தேன். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை, கருத்துப்போன தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா அதற்குப் பிறகு சத்தத்தைப் பற்றிப் பேச வரவில்லை.

அந்த ஜீப்பின் சத்தம் இதுதான்: சிலிண்டர் தேய்ந்துபோனால் உள்ளே இருக்கும் பிஸ்டன் குளிரில் சுருங்கி ஆட்டம் கொடுக்கும், சுவரில் மோதும், 'டொக் டொக்' என்று கேட்கும். சூடேறினால் விரிந்து சரியாக உட்கார்ந்துகொள்ளும், சத்தம் நின்றுவிடும். நின்றதால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. மோதி மோதி ஒருநாள் விரிசல் விடும். இது எனக்குத் தெரியாத விஷயமா? நன்றாகத் தெரியும். ஒரு விடிகாலை கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பேன்.

ஆவணியில் பவளக்கொடிக்கு நர்சிங் படிப்பு நேர்காணலுக்குக் கார்டு வந்தது. சேலத்தில், காலையில் வரவேண்டும் என்று. மழையும் மூட்டமுமான விடிகாலையில் மகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு செம்மேட்டில் முதல் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பியிருக்கிறார் வெள்ளையன். பாதி வழியில் இன்ஜினுக்குள் ஏதோ வெடித்த மாதிரி ஒரு சத்தம், வண்டி இறுகி நின்றுவிட்டது. இரண்டு பேரும் சேற்றில் நடந்து வந்திருக்கிறார்கள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் பிடித்துச் சேலம் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருஷத்துக்குள் அவளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டார்கள்.

இழுத்து வந்த ஜீப்பை நான்தான் பிரித்தேன். அடியில் ஆயில் தேங்கும் தொட்டியைக் கழற்றியதும் பிஸ்டன் துண்டுகள் கரண்டி கரண்டியாக வந்தன. வெள்ளையன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். அன்றாவது ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஆயில் ஒழுங்கா மாத்துனாத்தான" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. ஆமாங்க என்றார் அவர். ஆயிலை ஒழுங்காக மாற்றியவர் அவர், மாற்றிக் கொடுத்தவன் நான். அடுத்த தையில் நான் மஸ்கட் போய்விட்டேன். விட்டது தொல்லை என்று இருந்தது. பிறகு ஒரு நர்ஸைக் கட்டிக்கொண்டேன், அவள் வேலையை நம்பிக் கனடா வந்தேன். அவள் வெள்ளை யூனிஃபார்மை நான் இஸ்திரி போட்டு மாட்டும்போதெல்லாம் எனக்கு இன்னொரு பெண்ணின் நினைவு வரும். மனைவியிடம் சொன்னதில்லை.

ராய் என் கோப்பையை வாங்கிவைத்துவிட்டு ஒரு அட்டையில் எதையோ எழுதினார். பிறகு மெதுவாக, நான் புரிந்துகொள்ளும்படி, "ஐ ஹேவ் டு ஹியர் இட் கோல்ட்" என்றார், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கேட்டாகவேண்டும் என்று. வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போ, வெளியே நிறுத்துகிறேன், பிளக் சொருகமாட்டேன், காலையில் நீ வருகிறவரை தொடமாட்டேன், இரண்டு பேரும் சேர்ந்து கேட்போம் என்று விளக்கினார். தன் டிரக்கிலேயே என்னை வீட்டில் இறக்கிவிட்டார். காலை ஏழு மணிக்கு அவரே வந்து கூட்டிக்கொண்டும் போனார். கார் உறைந்து கிடந்தது. சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக் டிக்' என்றது. ராய் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு இன்ஜினைச் சுற்றி நகர்ந்து, ஓரிடத்தில் நின்று, என்னைக் கூப்பிட்டுக் குழாயை என் புண்பட்ட காதில் வைத்தார். புகை வெளியேறும் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் ஒரு போல்ட் முறிந்திருந்தது. சுற்றிலும் கரி படிந்திருந்தது. குளிரில் இடைவெளி விட்டுப் புகை தப்பிக்கிறது, சூடானால் இரும்பு விரிந்து அடைத்துக்கொள்கிறது. பெரிய விஷயமில்லை என்றார். மேஜையில் அந்த அட்டை இருந்தது. நான் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருந்தார்: 'ஒன் காபி, தென் நோ சவுண்ட்.' அவருக்கு அது நேற்றே புரிந்திருந்ததா, ராத்திரி யோசித்துப் புரிந்துகொண்டாரா தெரியவில்லை. நான் பனியில் வெளியே போய் நின்றுகொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தால் இங்கே குளிர் என்று நினைத்துக்கொள்வார்கள், அந்த வசதி இந்த ஊரில் உண்டு.

அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது மலை ஏறினேன். செம்மேட்டில் பத்து மணிக்கு இறங்கி, ஷேர் ஜீப்பில் திண்ணனூர் நாட்டுப் பக்கம் போய், கேட்டுக் கேட்டு நடந்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். வெள்ளையன் கிழவராகியிருந்தார். நம்ம ஜீப்பைப் பார்த்த மேஸ்திரி, கனடாவிலிருந்து வந்திருக்கிறார் என்று அக்கம்பக்கத்தை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னார். என்னால் உட்கார முடியவில்லை. பவளக்கொடி இரண்டு பிள்ளைகளோடு அங்கேயே இருந்தாள். புருஷன் கேரளாவில் வேலை. மிளகு காயவைத்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து, வாங்க என்றாள். அவள் அப்பா தள்ளிப்போன நேரம் பார்த்து, அன்றைக்கு நீ கொடுத்த தாள், என்று ஆரம்பித்தேன். அந்த ஜீப்பில் கோளாறு இருந்தது என்றும், தங்கிக் கேட்டிருந்தால் கண்டுபிடித்திருப்பேன் என்றும், தப்பு என்னுடையது என்றும் எப்படியோ சொல்லி முடித்தேன். அவள் மிளகைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"அதுல பதினோரு நாளு எழுதியிருந்தனுங்க. ஒரு நாளாச்சும் படிச்சீங்களா?"

"இல்ல சாமி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்துச் சாமைச் சோறும் அவரைக்குழம்பும் போட்டாள். சாப்பிட்டேன். எங்கள் வம்சத்தில் அந்த மலையில் முதலில் கை நனைத்தவன் நானாகத்தான் இருப்பேன். அப்படிச் சாப்பிடும்போது உள்ளுக்குள் ஒரு பெருமை வந்ததையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன், அதைவிடக் கேவலம் வேறில்லை. வெள்ளையன் வெற்றிலையை எடுத்து வைத்துக்கொண்டு, அன்றைக்குத்தான் வேலை இருந்தது, இன்றைக்காவது தங்கிவிட்டுப் போகலாமே என்றார். படுக்கிற பாயைக்கூட எடுத்துவரச் சொல்லிவிட்டார். எனக்குக் கீழே ஒரு வேலையும் இல்லை. தங்குகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் என் கண் தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போயிற்று. மணி மூன்றரை. ஐந்தரை பஸ்ஸுக்கு இப்போது கிளம்பினால் சரியாக இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது. பவளக்கொடி அதைப் பார்த்துவிட்டாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. பொறப்படுங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு உதவி செய்கிற குரலில் சொன்னாள். நானும் எழுந்து வந்துவிட்டேன். அழுக்கு வேறு யாரிடமோ இருக்கிறது என்று இத்தனை காலம் நினைத்த குடும்பம் எங்களுடையது. வளைவுகளில் பஸ் இறங்க இறங்க, என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

பிளக் பாயிண்ட்டை எப்போதோ சரிசெய்துவிட்டார்கள். ராய் போட்ட புது போல்ட்டும் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் தினமும் காலையில் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டு, காரைக் கிளப்பி, உள்ளே ஏறாமல் பக்கத்தில் நின்று ஒரு காப்பி நேரம் கேட்கிறேன். கையில் ஒரு நோட்டு. அதில் கட்டம் போட்டிருக்கிறேன். என்றைக்கு, எத்தனை மணிக்கு எடுத்தது, சத்தம் உண்டா, பனி உண்டா. பக்கத்து வீட்டு அம்மாள் இப்போதெல்லாம் விசாரிப்பதில்லை. நான் வண்டி எடுப்பது காலை ஆறு மணிக்கு, அப்போது கொல்லிமலையில் மாலை ஐந்தரை. செம்மேட்டில் கண்டக்டர் விசில் கொடுத்திருப்பார். என்னை ஏற்றிக்கொள்ளாமலேயே பஸ் முதல் வளைவில் திரும்பும். மலைமேல் ஒரு வீட்டில் எனக்காக எடுத்து வந்த பாயைச் சுருட்டி வைத்திருப்பார்கள். நான் இங்கே பனியில் நின்று, ஒன்றுமில்லை என்று நோட்டில் எழுதுகிறேன்.